மகமை

நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு மிளகாய் வத்தல் மூடைகள்தான் சம்பளம் கட்டின. விருதுநகர் பஜாரில் இறங்கும் ஒவ்வொரு மூடைக்கும் வியாபாரிகள் மகமை எடுத்துவைப்பார்கள். அந்த வழக்கத்தின் பிறப்பை ஆச்சி கதையாகச் சொல்வாள். வண்டியில் சரக்கோடு வந்த நாடார் வியாபாரிகள், கள்ளர் பயத்துக்குப் பேட்டை கட்டித் தங்கிய காலத்தில், காவல் செலவுக்குப் போட்ட பொதுப்பணம் அது. பின்னால் கிணறானது, கோயிலானது, பள்ளிக்கூடமானது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை மகமையிலும் வீடுவீடாக எடுத்த பிடி அரிசியிலும் நடந்தது. கமுதிக் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காகப் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் தோற்ற சமூகம், தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி நடத்தியது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மாசி, பங்குனியில் பஜாரே தும்மும். அப்பாவின் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு சீட்டு எழுதுவார். எடை, விலை, அதற்குக் கீழே கழிவுகள்: கமிஷன், இறக்குகூலி, சாக்கு, மகமை. ஒருமுறை, வத்தல் விற்க வந்த முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, "இது எதுக்கு ஐயா?" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்கு."

"எங்க ஊருல பள்ளிக்கூடம் இல்லையே" என்றார் அவர். கோபமே இல்லாத குரல். மகமை கொடுப்பது வியாபாரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு அப்பா என்னையும் சைக்கிளில் கூட்டிப்போவார். விற்பனை வரி, ரயில் வேகன் என்று பேச்சு ஓடும். தனிக் கடைக்காரர் மெட்ராஸுக்கு மனுப் போட்டால் யார் படிப்பார்கள்? அதற்குச் சங்கம் வேண்டும்தான். ஆனால் ஒருநாள் மூடை தூக்குகிறவர்கள் கூலி கூட்டிக் கேட்ட விஷயம் வந்தது. "ஒரு கடை கூட்டுனா எல்லாக் கடையும் கூட்டணும் அண்ணாச்சி" என்றார் ஒருவர். யாரும் கூட்டுவதில்லை என்று டீ ஆறுவதற்குள் முடிவானது. அப்பாவும் கை தூக்கினார்.

தூக்குகிறவர்களுக்கும் சங்கம் இருந்தது. வேலையை நிறுத்தினார்கள். லாரிகள் தெரு முனைவரை நின்றன. பிறகு இரண்டு சங்கத்தாரும் உட்கார்ந்து பேசி, கூலி கூடியது. கூடிய கூலி மறுவாரமே சம்சாரிகளின் கழிவில் ஏறியது.

"அவங்க ஏம்ப்பா கேக்கல?" என்றேன்.

"ஆளுக்கொரு ஊர்லருந்து தனித்தனியா வாராங்க. வித்த பணத்த வாங்கிட்டு பஸ்ஸப் பிடிக்கணும். யாரு கூடி, எங்க உக்காந்து பேசுறது?"