சேற்றில் ஒரு பந்தி

சேறு என்றால் நகரத்தார் முகம் சுளிப்பர். நஞ்சையில் கால் புதைத்து வளர்ந்த நம்மவர்க்கோ அது சோறு போடும் பொருள். மும்பையில் இருந்துகொண்டே இவ்வுண்மையைக் காண விரும்பும் அன்பர்கள், மார்கழி முதல் சித்திரை வரை சிவ்ரிக் கடற்கரைக்குச் செல்லலாம். பல ஆண்டுகளாக நான் அவ்வாறு சென்று வருகிறேன்.

ஓதம் வடியத் தொடங்கியதும் அங்கே பந்தி தொடங்குகிறது. விலகும் நீரின் விளிம்பைத் தொடர்ந்து பறவைகள் நடக்கின்றன. உப்புக்கொத்தி கண்ணை நம்பி வாழ்வது. சற்று ஓடும்; நிற்கும்; சேற்றின்மேல் அசைவு கண்டால் கொத்தும். மூக்கனோ தொடுவுணர்வை நம்புவது. நீண்ட அலகை ஆழச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத புழுவை அலகின் நுனியாலேயே அறிந்து பற்றும். வளைந்த அலகுடைய கோட்டான் நண்டு வளைகளைத் துழாவும்.

பூநாரையின் முறை தனி. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் இட்டு, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் சீப்புப்போல் அமைந்த தகடுகள் உணவை வடிகட்டி நிறுத்துகின்றன. சின்னப் பூநாரைக்கு நுண்ணிய பாசியே முதன்மை உணவு. பெரிய பூநாரை சிற்றுயிர்களை மிகுதியாகக் கொள்ளும். இறகின் செம்மையும் உண்ணும் உணவிலிருந்து பெற்றதே.

பூசல் அங்கு இல்லாமல் இல்லை. ஆயினும் குறுகிய அலகுக்கு மேற்சேறு, நீண்ட அலகுக்கு ஆழம் என்று இயற்கை தனித்தனியே இலை போட்டிருக்கிறது. ஒரே சேறு இத்தனை இனங்களுக்கும் உணவளிப்பது இதனால்தான்.

பந்திக்குக் கிடைப்பது சில மணி நேரமே; பின்னர் ஓதம் ஏறிவிடும். முப்பது கிராம் எடைகூட இல்லாத கொசு உள்ளான், வடதுருவத்தை அடுத்த நிலங்களுக்குத் திரும்பிப் பறக்கவேண்டிய கொழுப்பை இத்தகைய கரைகளில்தான் சேர்க்கிறது. நம் கோடிக்கரைக்கு வருவதும் இவ்வினமே. சேறு சுருங்கினால் நேரமும் சுருங்கும். நேரம் சுருங்கினால் பயணம் பொய்க்கும்.

தானே உப்பங்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. சிவ்ரியிலிருந்து புறப்படும் கடற்பாலம் 2024இல் திறக்கப்பட்டது. நகரம் வளரத்தான் வேண்டும். பிழைப்புத் தேடி வந்த நாமே அதனை வளர்த்தவர்கள். ஆனால் பந்தியில் அமர்ந்த விருந்தினரின் இலையை எடுத்துவிட்டு, வேறிடம் பாருங்கள் என்று சொல்வது நமது வழக்கமன்று.