கித்தானில் நீர்வண்ணம்

நீர்வண்ணம் தாளுக்கு, எண்ணெய் வண்ணம் கித்தானுக்கு என்பது ஓவியம் பயில்வோரிடையே வழங்கிவரும் விதி. இவ்விதியோடு எங்கள் இல்லம் ஓராண்டுக் காலம் வாதாட நேர்ந்தது. அதில் அறிந்த சில செய்திகள் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்றெண்ணி எழுதலானோம்.

இரயில்வே எழுத்தர் வேலையை நம்பிக் கரக்பூரில் வாழும் குடும்பம் எங்களுடையது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் இருந்த பூர்விக வீடு சென்ற ஆண்டு கைமாறிவிட்டது. அன்று முதல் எங்களோடு வந்திருக்கும் அன்னையாருக்கு அவ்வீட்டின் நினைவு நீங்கவில்லை. அதனைப் பெரிய ஓவியமாய்த் தீட்டித் தருவதாக 11 வயதான எங்கள் மகள் பாட்டிக்கு வாக்களித்தாள். தாளில் தீட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிச் சட்டமிட்டாலோ மாற்றல் உத்தரவு வந்து மூட்டை கட்டும்போது உடையும். எண்ணெய் வண்ணமும் கர்ப்பூரத் தைலமும் இரண்டே அறைகள் கொண்ட குடியிருப்பில், இரைப்பு நோயுள்ள முதியவருக்கு ஆகா. எஞ்சியது கித்தானில் நீர்வண்ணம் ஒன்றே.

கடைக் கித்தானின்மேல் பெரும்பாலும் அக்ரிலிக் பூச்சு இருக்கும். அது நீரை எளிதில் உறிஞ்சாது. வண்ணம் தாமரையிலைத் தண்ணீராய்த் திரண்டு நிற்கும். நீர்வண்ணத்தைப் பிணைப்பது கருவேல இனத்து மரத்தின் பிசின். உலர்ந்த பின்னும் நீர் பட்டால் அது கரையும். தாளின் நார்களுக்குள் வண்ணம் ஊறிப் பதியும். கித்தானிலோ இரண்டாம் தீற்றல் முதல் தீற்றலைத் துடைத்தெடுத்துவிடும்.

இதற்கு வழி உண்டு என்பதை ஒடிசா நாட்டுப் பழங்கலை எங்களுக்கு உணர்த்தியது. பூரி யாத்திரையின்போது, பார்கவி ஆற்றங்கரையிலுள்ள ரகுராஜ்பூர் கிராமத்திற்குச் சென்றோம். அங்கே வழிவழியாகத் துணியில் பட்டசித்திரம் தீட்டுகின்றனர். புளியங்கொட்டைப் பசையால் துணிகளை ஒட்டி, சுண்ணப்பொடி கலந்து பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகின்றனர். சங்கு வெள்ளைக்கு, விளக்குக்கரி கருமைக்கு, சாதிலிங்கம் சிவப்புக்கு, அரிதாரம் மஞ்சளுக்கு. இவற்றைப் பிணைப்பது விளாம்பிசின். ஸ்நான பூர்ணிமைக்குப் பின் ஜகந்நாதரின் தரிசனம் இல்லாத பதினைந்து நாட்களில், இவ்வாறு தீட்டிய பட்டங்களே வழிபாடு பெறுகின்றன. "புளியும் விளாவும் நம் கொல்லையில் இருந்தவைதாமே!" என்று அன்னையார் வியந்தார். தஞ்சாவூர் ஓவியத்திலும் பலகைமேல் துணி ஒட்டிச் சுண்ணப் பூச்சிடுவதுதானே வழக்கம்! துணி தடையன்று, துணிக்கு இடும் அடித்தளமே முதன்மையானது என்று தெளிந்தோம்.

நீர்வண்ணத்திற்கென்றே விற்கப்படும் உறிஞ்சும் அடிப்பூச்சு ஒரு புட்டி வாங்கினோம். மெல்லியதாய் மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்கு உலரவிட்டோம். வண்ணம் வழியாதிருக்கக் கித்தானைத் தரையில் கிடத்தி, தூரிகையை அழுத்தாமல் மகள் தீட்டினாள். திண்ணையும், தூண்களும், வாசற் கோலமும் உருப்பெற்றன.

அன்னையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்து நெடுநேரம் நோக்கினார். "ஏண்டி கண்ணு, நடைக்குப் பக்கத்துச் சுவரில் விளக்குமாடம் இருக்குமே, எங்கேடி?" என்றார். அவ்வீட்டை இருமுறையே கண்ட குழந்தைக்கு அது எங்ஙனம் தெரியும்? பாட்டி விரலால் இடத்தைக் காட்டினார். மகள் ஈரத் தூரிகையால் அவ்விடத்தை மெல்ல நனைத்துத் துணியால் ஒற்றினாள். வண்ணம் அகன்று வெளிறிய மாடம் ஒன்று தோன்றியது; அதில் மஞ்சள் சுடர் ஒன்றை இட்டாள். எளிதில் அழியும் என்று குறை கூறப்படும் இயல்பே அன்று துணையாயிற்று. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. பேத்தியின் தலையில் கை வைத்தார்.

மறுநாள் முற்றத்தில் வைத்துத் தெளிப்பு வார்னிஷ் பலமுறை மெல்லிதாய் இட்டோம். தூரிகையால் வார்னிஷ் பூசினால் வண்ணம் கலைய இடமுண்டு என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. கண்ணாடியின்றிச் சுவரில் தொங்கும் அவ்வோவியம் கனமற்றது. அடுத்த மாற்றல் எவ்வூருக்கு ஆயினும், மூட்டையில் அதுவே முதலில் ஏறும்.