அலிபாக் முதல் கோர்லாய் வரை: மறவாதோரின் கரை



மும்பையில் வாழும் நம்மில் பலருக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். மே மாதத்தில் இரயிலில் இடம் கிடைத்தால் திருநெல்வேலி, கிடைக்காவிட்டால் வீடு. கடலுக்கு அப்பால் ஒரு மணி நேரப் பயணத்தில் என்ன இருக்கிறது என்று நாம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த பின்னரே நானும் அலிபாக் கரையில் கால் வைத்தேன்.

அந்தப் பயணத்திற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற டிசம்பர் மாதம் என் தாயார் ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். கண்ணில் புரை வளர்ந்திருந்ததால் அவர்களால் வேதம் வாசிக்க இயலவில்லை. ஒருநாள் மாலை பன்னிரண்டு வயதான என் மகளை அழைத்து, "ஆச்சிக்கு ஒரு சங்கீதம் வாசிம்மா" என்றார்கள். பிள்ளை புத்தகத்தைக் கையில் வாங்கினாள், பக்கத்தைப் பார்த்தாள், பின்பு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தாயார் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் வீட்டில் ஒரு மௌனம் இருந்தது. எங்காவது போய்வரலாம் என்று என் மனைவி சொன்னாள். இரண்டு நாள் பயணமாக நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்டவா துறைக்கு விசைப்படகுகள் செல்கின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து அலிபாக் நகரத்துக்குப் பேருந்தில் சுமார் 20 கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டு முதல் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு பாவுச்சா தக்காவிலிருந்து ஓடுகிறது. சாலை வழியே சுற்றிப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

மேற்குத் தொடர்ச்சி மலையை இப்பகுதியில் சஹ்யாத்ரி என்பார்கள். அம்மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுக்கமான நிலமே கொங்கண். மலையில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை குறுகிய ஆறுகளாக ஓடிக் கடலில் விழுகிறது. ஆறு கடலைச் சேரும் இடமெல்லாம் அகன்ற கழிமுகங்கள். மராட்டியில் அவற்றைக் 'காடி' என்பர். அக்காலத்தில் காடிதான் துறைமுகம். உள்நாட்டுப் பொருள் ஆற்றின் வழியே இறங்கும். கப்பல் கழிமுகத்தில் ஒதுங்கி நிற்கும். ஆகவே ஒவ்வொரு காடியின் வாயிலும் ஒரு சிற்றூர், அதற்குக் காவலாக ஒரு கோட்டை. ஆனால் அதே காடிகள் சாலைக்கும் இரயிலுக்கும் தடையாயின. மும்பை வளர்ந்தபோது வணிகம் அங்கே போயிற்று. கழிமுகங்களில் வண்டல் சேர்ந்தது. தென்னையும் பாக்கும் மீனும் உப்பும் மட்டும் மிஞ்ச, இவ்வூர்கள் சிறியவையாகவே நின்றுவிட்டன.

அலிபாக் இன்று ராய்கட் மாவட்டத்தின் தலைநகர். 1981-ஆம் ஆண்டு வரை இம்மாவட்டத்தின் பெயர் கொலாபா. ஊருக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கொலாபா கோட்டையைக் கட்டும் வேலை 1680-இல் சிவாஜி காலத்தில் தொடங்கி, அவர் மகன் சம்பாஜி காலத்தில் முடிந்தது. நீர் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம். ஏற்றம் வந்தால் படகு வேண்டும். நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நலம். மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே இக்கோட்டையிலிருந்துதான் ஆங்கிலேயரையும் போர்த்துகீசியரையும் கலங்க வைத்தார். 1729-இல் இறந்த அவருடைய சமாதி ஊருக்குள் இருக்கிறது.

அலிபாகில் காந்தவியல் ஆய்வு நிலையம் ஒன்றும் உண்டு. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகள் முன்னர் மும்பை கொலாபாவில் இருந்தன. நகரில் மின்சார டிராம் ஓடப்போகிறது, அம்மின்னோட்டம் கருவிகளைக் குழப்பும் என்று கண்டு, 1904-இல் அலிபாகில் புதிய நிலையத்தை அமைத்தார்கள். அதன் கட்டடங்களில் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள் எதையும் சேர்க்கவில்லை. 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பழைய இடத்தில் அளவீட்டை நிறுத்தினார்கள். நகரத்தின் இரைச்சலில் ஊசி திசைமாறாதிருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட கவனம் அது.

சனிக்கிழமை எண்ணெய்க்காரர்

அலிபாகில் 'இஸ்ராயேல் ஆளி' என்று ஒரு தெரு இருக்கிறது. ஆளி என்றால் மராட்டியில் தெரு. அங்கே 'மாகேன் அபோத்' என்னும் யூத ஜெபஆலயம் நிற்கிறது. 1848-இல் நிறுவப்பட்டு, 1910-இல் திரும்பக் கட்டப்பட்டது. இதைக் கட்டியவர்கள் பெனே இஸ்ரவேல் என்னும் மக்கள். இஸ்ரவேல் புத்திரர் என்பதே அப்பெயரின் பொருள்.

இவர்களுடைய வரலாறு மிக விந்தையானது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், அலிபாகுக்கு வடக்கே நவ்காவ் கரைக்கு அருகில் ஒரு மரக்கலம் உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் உயிரோடு கரையேறினார்கள் என்றும் அவர்கள் மரபு கூறுகிறது. இறந்தவர்களை அடக்கம்பண்ணிய இடமாகக் கருதப்படும் பழைய கல்லறை நிலத்தையும் நினைவுச் சின்னத்தையும் நவ்காவில் இன்றும் காணலாம். கையிலிருந்த நூல்கள் கடலோடு போயின. ஆசாரியன் இல்லை, ஜெபஆலயம் இல்லை. காலப்போக்கில் எபிரெய மொழி மறைந்து மராட்டியே வீட்டு மொழியாயிற்று. பெண்கள் சேலை உடுத்தினார்கள். தொழிலாகச் செக்கு ஆட்டினார்கள்.

ஆயினும் நான்கு காரியங்களை அவர்கள் விடவில்லை. எட்டாம் நாளில் ஆண்பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்தார்கள். செதிளும் சிறகும் இல்லாத மீனை உண்ணவில்லை. சனிக்கிழமை செக்கை நிறுத்தினார்கள்; அதனால் அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பெயரிட்டார்கள். நான்காவது, 'ஷெமா' என்னும் அறிக்கை. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் வசனம்தான் அது. பிறப்பு, மணம், இறப்பு எதுவாயினும் அந்த எபிரெயச் சொற்களையே சொன்னார்கள். வேறு ஜெபம் அவர்களுக்குத் தெரியாது.

பிற்காலத்தில் தாவீது ராகாபி என்னும் யூதர் இக்கரைக்கு வந்தாராம். இவர்கள் உண்மையிலேயே இஸ்ரவேலரா என்று அறிய, பலவகை மீன்களைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். பெண்கள் செதிளும் சிறகும் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்கள். அவர் அதைக் கண்டு அவர்களை ஏற்றுக்கொண்டு போதித்தார் என்பது மரபு. ஒரு ஜனத்தின் அடையாளத்திற்கு அன்று சாட்சியாக நின்றது அடுப்படியே.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவர்களும் நம்மைப்போல் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தார்கள். படையிலும் அலுவலகத்திலும் சேர்ந்தார்கள். நாம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னே வைப்பதுபோல், அவர்கள் விட்டுவந்த ஊரைப் பெயருக்குப் பின்னே வைத்தார்கள்: பென்னிலிருந்து வந்தவர் பென்கர், ரோஹாவிலிருந்து வந்தவர் ரோஹேகர். கம்பெனிப் படையில் பணியாற்றிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் 1796-இல் மும்பையின் முதல் ஜெபஆலயத்தைக் கட்டினார். மஸ்ஜித் இரயில் நிலையத்தின் பெயரே இந்த ஆலயத்தால் வந்தது என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் வில்சன் மராட்டியில் எபிரெய இலக்கணம் எழுதிக் கொடுத்தார். மறந்த மொழியை அவர்கள் மறுபடியும் எழுத்துக்கூட்டிக் கற்றார்கள். 1948-இல் சுமார் இருபதாயிரம் பேராக இருந்த இம்மக்களில் பெரும்பாலோர் பின்னர் இஸ்ரவேல் தேசத்தில் குடியேறினார்கள். இன்று இங்கே சில ஆயிரம் பேரே இருக்கிறார்கள்.

துறைமுகம் போய்த் தோப்பாயிற்று

மறுநாள் காலை அலிபாகிலிருந்து தெற்கே பேருந்தில் போனோம். பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் சௌல், அதையடுத்து ரேவ்தண்டா. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிகளின் குறிப்பிலும், அடுத்த நூற்றாண்டில் தாலமியின் நூலிலும் சௌல் இடம்பெற்றிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அரபு நாட்டு அல்-மசூதி இங்கே வந்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் இந்தியாவில் கரையிறங்கியது இங்கேதான்.

1508-இல் எகிப்திய, குஜராத்தியக் கப்பல்கள் சேர்ந்து போர்த்துகீசியரை இத்துறையில் தாக்கின. போர்த்துகீசிய வைஸ்ராயின் மகன் லோரென்சோ தெ அல்மெய்தா அதில் மாண்டார். எனினும் 1521-இல் அகமத்நகர் சுல்தானின் அனுமதியோடு அவர்கள் ரேவ்தண்டாவில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1740-இல் அது மராட்டியர் வசமாயிற்று. இன்று சாலை அக்கோட்டை மதிலின் இடிந்த இடைவெளி வழியாகவே உள்ளே போகிறது. மதிலுக்குள் தென்னந்தோப்பு, தோப்புக்குள் கூரையற்ற தேவாலயச் சுவர்கள். உயர்ந்த கோபுரம் ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. அதன் நிழலில் ஒருவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். உலக வணிகர் கூடிய இடம் என்று சொன்னால் என் மகள் நம்பவில்லை.

'எங்கள் மொழி'

குண்டலிகா ஆற்றின் கழிமுகத்தைப் பாலத்தின் வழியே கடந்தால் கோர்லாய். கடலுக்குள் நீண்ட குன்றின்மேல் ஒரு கோட்டை. 1594-இல் போர்த்துகீசியர் அதைக் கைப்பற்றினார்கள். குன்றின் அடியில் கிறிஸ்தவக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேர், கத்தோலிக்கர், பயிர்த்தொழில் செய்வோர். அவர்கள் வீட்டில் பேசுவது மராட்டி அன்று. போர்த்துகீசியமும் மராட்டியும் கலந்து பிறந்த தனிமொழி. அதை 'நோ லிங்' என்கிறார்கள். எங்கள் மொழி என்பதே அதன் பொருள். ஜே. கிளான்சி கிளெமென்ட்ஸ் என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர் இதைப்பற்றி 1996-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

போர்த்துகீசிய ஆட்சி இங்கே 1740-இல் முடிந்தது. அதாவது, 280 ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அரசின் ஆதரவும் இல்லை. பாடநூல் இல்லை, பள்ளிக்கூடம் மராட்டியில் நடக்கிறது. சுற்றிலும் மராட்டி பேசும் ஊர்கள். அப்படியிருந்தும் இம்மொழி நின்றது. தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததும், ஆற்றின் இக்கரையில் தனித்துக் கிடந்ததும் காரணங்கள் என்பர். இப்போது பாலம் வந்துவிட்டது. இளைஞர் வேலைக்கு வெளியே போகிறார்கள்.

திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியோடு எனக்குத் தெரிந்த மராட்டியில் பேசினேன். "மாவ்ஷி, பேரப்பிள்ளைகள் உங்கள் மொழியைப் பேசுகிறார்களா?" என்றேன். "என்னிடம் பேசுவார்கள். எனக்காகப் பேசுவார்கள்" என்றார். பிறகு என் மகளைச் சுட்டி, "இவள் உங்கள் மொழி பேசுவாளா?" என்று திருப்பிக் கேட்டார். "பேசுவாள்" என்றேன். வாசிப்பாளா என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டில் தப்பினேன்.

திரும்பும் படகில்

மாலையில் மாண்டவாவிலிருந்து படகு புறப்பட்டபோது கடற்பறவைகள் கூடவே பறந்து வந்தன. என் மகள் வெகுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அப்பா, அந்த ஏழு குடும்பத்திலே புத்தகம் இல்லை, பாஸ்டர் இல்லை, சர்ச் இல்லை. அப்புறம் அந்த ஒரு வசனத்தைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள்.

"வேறு யாரம்மா? அப்பா அம்மாதான்" என்றேன்.

"அப்படின்னா எனக்கு ஏன் சொல்லித்தரலை?"

வேலைநேரம், இரயில் நெரிசல், பள்ளிப் பாடச்சுமை என்று எத்தனையோ பதில்கள் என் நாவில் இருந்தன. தாயார் வந்திருந்தபோது உறவினரிடம் நான் சொன்ன பதில்களும் அவைதாம். பள்ளியில் தமிழ் இல்லை என்று பள்ளியைக் குறைசொன்னேன். செக்காட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதன் எந்தப் பள்ளியையும் எதிர்பாராமல் தன் பிள்ளையின் காதில் ஒரு வசனத்தைச் சொல்லிக்கொடுத்தான் என்பதை அன்று கண்ட பின்னர் அப்பதில்கள் வாயிலிருந்து வரவில்லை. "என் தப்புதான்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று இரவே ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் உயிரெழுத்துகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம். குடும்ப ஜெபத்திற்குப் பிறகு பதினைந்து நிமிடம், அதற்குமேல் இல்லை. சில நாள் தவறியதும் உண்டு. நான்கு மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மாலை அவள் ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்து, ஆறே வசனங்கள் கொண்ட இருபத்துமூன்றாம் சங்கீதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. றகரமும் ரகரமும் குழம்பின. இடையில் இருமுறை நின்றுபோனாள். மறுமுனையில் தாயார் அவசரப்படுத்தவில்லை. அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. முடிந்த பிறகு, "நாளைக்கு அடுத்ததையும் வாசி, ஆச்சி காத்திருப்பேன்" என்றார்கள்.

அலிபாகுக்குப் போக விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது. மழைக்காலத்தில் விசைப்படகுகள் நின்றுவிடும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆயத்தமாகவும் செல்லுங்கள்.