யுத்தத்துக்குப் பின்னும் படிக்கலாம்



போர்த்துக்கேயர் இடித்த எங்கள் கோணேசர் கோவிலின் தூண்களும் கற்களும் மலையடிக் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் அங்கே சுழியோடிப் பார்த்து, அதை உலகத்துக்கு எழுதியவர்களில் ஒருவர் ஆதர் சி. கிளார்க். விஞ்ஞானியான அவர் விண்வெளிக் கதைகளாலும் புகழ்பெற்றவர்.

அவருக்கு 13 வயதில் தகப்பன் இறந்தார். தாய் நோரா இங்கிலாந்தில் ஒரு சிறு பண்ணையை நடத்தி நான்கு பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவரான ஆதரைப் பல்கலைக்கழகம் அனுப்பக் காசில்லை. 1936இல் அவர் லண்டனில் கணக்குப் பரிசோதனை வேலைக்குப் போனார். பிறகு இரண்டாம் உலக யுத்தம். விமானப்படையில் ராடார் வேலை.

பட்டம் ஏதும் இல்லாத அந்த நாளில், 1945இல், ஒரு கட்டுரை எழுதினார். பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீற்றரில் மூன்று செய்மதிகளை வைத்தால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்றார். இன்று எங்கள் வீட்டுக் கூரைகளிலுள்ள தொலைக்காட்சி டிஷ்கள் அந்த உயரத்துச் செய்மதிகளைத்தான் பார்த்து நிற்கின்றன.

யுத்தம் முடிந்த பிறகே பல்கலைக்கழகம் போனார். 1948இல், 30 வயதில், முதல் வகுப்பில் சித்தியடைந்தார். முதுமையில் சக்கர நாற்காலியில் இருந்தும் எழுதினார். 2007 டிசம்பரில், 90ஆவது பிறந்தநாளில், இந்த நாட்டில் நிலையான சமாதானம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். 2008 மார்ச்சில் கொழும்பில் காலமானார்.

"இடம்பெயர்வோடு படிப்பும் போச்சு, இனி என்னத்துக்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். தாயும் மகளும் ஒரே விளக்கில் படிக்கலாம். அந்த வீட்டில் நோராவும் நீங்களே, ஆதரும் நீங்களே.