விரல் சூப்பும் பிள்ளையை விடுங்கள்

தங்கச்சி மகனுக்கு நாலாவது மாசம். முழு முஷ்டியையும் வாயில் திணிக்கப் பார்க்கிறான். கடைசியில் கட்டை விரல் மட்டும் உள்ளே போனதும் கண் சொருகிவிடுகிறது. பார்க்க வருகிறவர்கள் அந்தக் கையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்கள். "இப்பவே தடுக்கலைன்னா பல்லு எத்திக்கும்." எனக்கு மனசு பதறுகிறது.

இது கருவிலேயே தொடங்கும் பழக்கம். பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளரின் குழுவினர், வயிற்றுக்குள் விரல் சூப்பியதை ஸ்கேனில் பார்த்த 75 பிள்ளைகளைப் பல வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள்!

பிறந்த புதிதில் கை வாய்க்குப் போனால் அனேகமாகப் பசி. வயிறு நிறைந்த பிறகும் சூப்பினால் அது ஆறுதலுக்கு, தூக்கத்துக்கு. பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடும். நிலைப்பற்கள் முளைக்கும் வயதிலும் தொடர்ந்தால்தான் பல் வரிசையைப் பற்றிய கவலை. அப்போதும் விரலில் மிளகாய் தேய்ப்பது கொடுமை. அதே கையால்தானே பிள்ளை கண்ணைக் கசக்கும்?

என் பயம் விரலைப் பற்றி இல்லை, மணிக்கட்டில் கிடந்த வசம்பு வளையலைப் பற்றி. எச்சில் ஊறிக் கறுப்புக் கயிறு எந்நேரமும் ஈரம், வசம்புத் துண்டில் நார் பிரிந்து நின்றது. வசம்பில் உள்ள அசரோனால் ஆபத்து என்று அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். நேற்று அவரே வளையலைக் கழற்றித் தொட்டில் கம்பியில், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டார்.