துப்பாக்கிக்கு ஒரு பெட்டி

அட்லாண்டா ஏர்போர்ட். செக்-இன் கவுன்ட்டரில், "பெட்டியில துப்பாக்கி இருக்கு" என்கிறார் ஒருவர், சாவகாசமாக. யாரும் அலறவில்லை! அமெரிக்காவில் அப்படிச் சொல்லிவிடுவதுதான் சட்டம். கைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைக்குப் போனால்தான் போலீஸ் வரும். 2023-ல் இங்கே மட்டும் அப்படிச் சிக்கியவை 451!

சரி, எந்தப் பெட்டி? தோட்டா நீக்கிய துப்பாக்கிக்கு, பூட்டக்கூடிய கெட்டிப் பெட்டிதான். ஜிப் வேண்டாம், பால்பாயின்ட் பேனா முனையே அதைப் பிளந்துவிடும். வாங்கும்போது பூட்டிவிட்டு மூலையை இழுத்துப் பாருங்க. விரல் நுழைகிறதா? கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துடுங்க. பூட்டுக்கு எத்தனை துளையோ, அத்தனை பூட்டு. சாவி, சொந்தக்காரர் பாக்கெட்டில் மட்டும். பெல்ட்டில் போன பெட்டி அடுத்து யார் கையில் சிக்குமோ, யார் கண்டது?