எண் கொண்டு ஆட்டக்காரரை அளத்தல்

ஒருவரை ஒரு பணிக்குத் தேர்ந்தெடுப்பது எளிய செயலன்று. திருவள்ளுவர் இதன் அருமையை உணர்ந்தே 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். அமைச்சரைத் தேரும் அரசருக்கு அவர் அளித்த எச்சரிக்கை, கிரிக்கெட்டு ஆட்டக்காரரை ஏலத்தில் எடுக்கும் இக்காலத்திற்கும் பொருந்துவதேயாகும். அன்று குடியையும் குணத்தையும் ஆராய்ந்தனர். இன்று எண்களை ஆராய்கின்றனர். ஓர் இளைஞன் பல ஆண்டுகள் வெயிலில் நின்று உழைத்த உழைப்பு, ஒரு தாளில் நான்கைந்து எண்களாகச் சுருங்கி, ஏல மண்டபத்தில் வீற்றிருப்போர் முன் சிறிது பொழுது நிற்கிறது. அவ்வெண்கள் எம்மட்டில் உண்மை கூறும், எவ்விடத்தில் வாய்மூடி நிற்கும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இது நமக்கு அயலான செய்தியன்று. மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888-இல் இந்தியர்க்கென ஓர் ஆட்டச் சங்கத்தை நிறுவிய நாள்முதல், இந்நகரில் இவ்வாட்டம் வேரூன்றி வளர்ந்து வருகிறது. தியாகராய நகர்ச் சோமசுந்தரம் மைதானத்தில் ஒரே திடலில் பல ஆட்டங்கள் ஒன்றோடொன்று பின்னி நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். அங்ஙனம் ஆடிய சிறுவருட் சிலர் கல்லூரி அணிக்கும், அதன்பின் நகரின் லீக் பந்தயங்களுக்கும் செல்கின்றனர். அதற்கப்பாற் செல்ல விரும்புவோர்க்கு முன்னே செல்லும் தூதாக அவர்தம் எண்களே அமைகின்றன.

2008-இல் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது, பத்தொன்பது வயதிற்குட்பட்ட இளைஞரை அணிகள் முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகத் தெரிந்தெடுத்தன. முதல் முறையைப் பெற்ற தில்லி அணி பிரதீப் சங்வானை எடுத்துக்கொண்டது. விராட் கோலி பெங்களூருக்குச் சென்றார். 2016-இல் தோன்றிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் இவ்வாறு முறைவைத்துத் தெரிதலே வழக்கமாயிருந்தது. 2023-இல்தான் முதன்முறையாக ஏலம் வந்தது. முறையாயினும் ஏலமாயினும் வினா ஒன்றே: சிறிய களத்தில் ஒருவன் பெற்ற எண்ணைக் கொண்டு, பெரிய களத்தில் அவன் ஆற்றப்போவதை எங்ஙனம் அறிவது?

முதற்கண் நோக்கத்தக்கது, எண் எதனால் வகுக்கப்பட்டது என்பது. சாய் சுதர்சனை எடுத்துக்கொள்வோம். அவர் ஆழ்வார்ப்பேட்டை கிரிக்கெட் சங்கத்திற்காக 2019-20 ஆண்டின் பாளையம்பட்டி ராஜா கேடயப் பந்தயங்களில் 635 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 52.92. பின்னர் 2021-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் எட்டு ஆட்டங்களில் 358 ஓட்டங்கள், சராசரி 71.60. இரண்டாம் சராசரி முதலாவதினும் மிக உயர்ந்து தோன்றுகிறது. ஆயின், சராசரி என்பது ஓட்டங்களை ஆட்டமிழந்த முறைகளால் வகுத்து வருவது. 635-ஐ 52.92-ஆல் வகுத்தால் 12 வரும், 358-ஐ 71.60-ஆல் வகுத்தால் 5 வரும். அவர் எட்டு முறையும் ஆட்டமிழந்திருப்பின் சராசரி 44.75 ஆகத் தாழ்ந்திருக்கும். பன்னிரண்டு முறை ஆட்டமிழந்து பெற்ற 52.92, ஐந்தே முறை ஆட்டமிழந்து பெற்ற 71.60-க்குக் குறைந்த சான்றன்று. இரண்டையும் ஒருங்கே வைத்துக் கண்டவரே அவரை நன்கு கண்டவராவர்.

இரண்டாவது, எண் எவருடைய துணையாலும் எவருடைய எதிர்ப்பிலும் பெறப்பட்டது என்பது. அமெரிக்கர் தமக்கே உரிய கால்பந்தாட்டத்தில் 1936 முதல் கல்லூரி மாணவரை முறைவைத்துத் தெரிந்தெடுத்து வருகின்றனர். அவ்வாட்டத்தில் ஒருவன் பந்தை எறிய, மற்றொருவன் ஓடிச்சென்று பற்றுகிறான். பற்றுபவனுடைய எண்ணிக்கை எறிபவன் திறத்தையும், அவ்வணி எத்தனை முறை பந்தை எறிகிறது என்பதையும் பொறுத்தது. ஆதலின் அறிவுடையோர் அவன் கடந்த கெசங்களின் தொகையை மட்டும் பாராமல், அணி முழுவதும் எறிந்து பெற்ற கெசங்களில் அவன் பங்கு யாது என்று கணக்கிடுகின்றனர். எதிரணிகளின் வலிமையையும் அதனோடு சேர்த்து நோக்குவர். ஜெரி ரைஸ் என்பவர் மிசிசிப்பியின் சிறு கல்லூரியொன்றில் 1984-இல் வியக்கத்தக்க எண்களைப் பெற்றார். அவை எளிய எதிரணிகளுக்கு முன் பெற்றவை என்னும் ஐயம் நிலவிற்று. 1985-ஆம் ஆண்டுத் தெரிவில் பந்து பற்றுவோர் இருவர் அவருக்கு முன்னே எடுக்கப்பட்டனர்; அவர் பதினாறாமவராக எடுக்கப்பட்டார். முடிவில் அப்பணியில் அவர் கடந்த தூரத்தை எவரும் கடந்திலர். எளிய எதிரிக்காக எண்ணைக் குறைத்து மதிப்பது நேரிதே. அளவின்றிக் குறைப்பது, குறைக்காமல் விடுவது போன்றே பிழையாகும்.

கிரிக்கெட்டிலும் இஃது உண்டு. இருபது ஓவர் ஆட்டத்தின் முதல் ஆறு ஓவர்களில் உள்வட்டத்திற்கு வெளியே இருவரே நிற்கலாம். இறுதி ஓவர்களிலோ மட்டையாளர் எதற்கும் துணிந்து அடிப்பர். நடு ஓவர்களில் மட்டும் பந்து வீசியவன் ஓவருக்கு ஏழு ஓட்டம் கொடுத்ததும், இறுதி ஓவர்களில் வீசியவன் எட்டு ஓட்டம் கொடுத்ததும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல.

மூன்றாவதும் முதன்மையானதும், எண் எத்துணைப் பந்துகளிலிருந்து திரண்டது என்பது. கட்டடக் கலை பயின்ற வருண் சக்கரவர்த்தி 2018-இல் மதுரை அணிக்காகப் பந்து வீசி, ஓவருக்கு 4.70 ஓட்டங்களே கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்தில் தொடங்கிய அவர் விலை 8.40 கோடிக்கு உயர்ந்தது. 2019 மார்ச்சில் தம் முதல் ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்களைக் கொடுத்தார். அவ்வாண்டு அந்த ஓர் ஆட்டத்தோடு நின்றார். விலை பொய்த்தது என்று பலரும் நகைத்தனர். அடுத்த ஆண்டிலோ கொல்கத்தா அணிக்கு 17 விக்கெட்டுகளை ஈட்டித் தந்தார்.

இதனைக் கணக்கு முன்னரே கூறும். இரண்டு பந்துக்கு ஒரு பந்தை ஓட்டமின்றி வீசும் ஆற்றலுடைய ஒருவன் உளன் என்று கொள்வோம். அவன் 240 பந்து வீசினால், ஓட்டமற்ற பந்துகள் பெரும்பாலும் 105-க்கும் 135-க்கும் இடையே அமையும். ஆறு பந்து மட்டும் வீசினாலோ, ஒன்றே ஒன்று அல்லது அதுவுமின்மை, ஐந்து அல்லது ஆறுமே என்னும் இவ்விரு கோடிகளில் ஒன்று, 64-க்கு 14 என்ற விகிதத்தில் நேரும். ஒரே மனிதன், ஒரே திறன். ஒரு நாள் மேதையாகவும் மற்றொரு நாள் பேதையாகவும் தோன்றுகிறான். ஓர் ஓவர் கொண்டு ஒருவனை அளப்பது, காவிரியை ஒரு கைந்நீரால் அளப்பதாகும்.

ஆயின் சிறு எண் முற்றிலும் பயனற்றதோ எனின், அன்று. எபிரான், மோரிஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் இருவர், 1970-ஆம் ஆண்டுப் பேஸ்பால் பந்தயங்களில் பதினெட்டு ஆட்டக்காரர் முதல் 45 முறை மட்டை பிடித்தபோது பெற்ற சராசரிகளை ஆராய்ந்தனர். ஒவ்வொருவர் எண்ணையும் பதினெண்மரின் பொதுச் சராசரியை நோக்கி நெருக்கிக் கொண்டால், எஞ்சிய பருவத்தில் அவர்கள் பெற்றதை அது மேலும் சரியாக முன்னறிவித்தது என்று கண்டனர். அக்காலத்தில் .400 என்று ஒளிர்ந்த ரொபெர்ட்டோ கிளெமென்டி எஞ்சிய பருவத்தில் .346 பெற்றார், பொதுச் சராசரிக்கு மேலேயே நின்றாரெனினும் முதலிற்கண்ட உச்சியில் நின்றிலர். புகழையும் இகழையும் நடுவே இழுத்துக்கொள்க என்பதே இக்கணக்கின் சாரம். வள்ளுவர் நடுவு நிலைமை என்று போற்றியதற்கு இதுவும் ஒரு வழியென்று நமக்குத் தோன்றுகிறது.

எண்களின் குறைகளை இத்துணை கூறியதால், எண்ணை விட்டுக் கண்ணையே நம்புக என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. கண்ணுக்குச் சார்பு உண்டு. அறிந்த பள்ளி, அறிந்த குடும்பம், அழகிய மட்டைவீச்சு, நல்ல ஆங்கிலம் ஆகியவற்றில் அது எளிதில் மயங்கும். 635 ஓட்டங்கள் எவர் வீட்டுப் பிள்ளை எடுத்தன என்று எண் வினவுவதில்லை. சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் குஜராத் அணி 20 லட்சத்திற்கே பெற்றது; 2025-இல் அவர் 759 ஓட்டங்களுடன் அப்போட்டியில் எவரினும் மிக்கு நின்றார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராசன் 2017-இல் 3 கோடிக்கு எடுக்கப்பட்டு, அவ்வாண்டு சோபிக்காமல், 2018-இல் 40 லட்சத்திற்கு இறங்கினார். 2020-இல் 16 விக்கெட்டுகள் பெற்று இந்திய அணியில் இடம் பெற்றார். விலை ஏறி இறங்கிய அளவிற்கு அவர் திறன் ஏறி இறங்கிற்று என்று எவர் கூறுவர்?

இனி, நம் மாணவ நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ஏல மண்டபத்தில் எண்ணப்படும் எண்கள் யாவும் ஏதோ ஒரு திடலின் ஓரத்தில், ஒரு மரத்தடியில், கணக்கெழுதும் மாணவனொருவன் கைப்பட எழுதிய எண்களினின்றே தொடங்குகின்றன. நம் கல்லூரி ஆட்டங்களில் அப்பணியை ஏற்போர், ஓட்டமும் விக்கெட்டும் மட்டும் எழுதி அமையாது, எத்தனை பந்தில், எந்த ஓவரில், எவருடைய பந்துவீச்சிற்கு எதிராக, ஆட்டமிழந்தா இழவாமலா என்பவற்றையும் தவறாது குறிப்பாராக. நம் தோழன் ஒருவனை முன்பின் அறியாதார் அளக்கும் நாளில், அக்குறிப்பேடே அவனுக்காகப் பேசும்.